நாலு தடவ படிச்சுட்டுத்தான் அனுப்பினேன், அப்புறம் எப்படி ஏமாந்தேன்?

கேள்வி: மேடம், நான் ரிட்டயர்டு சயின்ஸ் டீச்சர், வயசு 63. போன மாசம் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தோட வெப்சைட் லிங்க் வந்துச்சு, மூட்டுல தேஞ்சுபோன குருத்தெலும்ப 21 நாள்ல திரும்ப வளர வைக்கிற கேப்சூல்னு. அனுப்பினது என் பழைய ஹெட்மாஸ்டர். வந்தத அப்படியே தள்ளிவிடற ஆள் இல்ல நான், நாலு தடவ படிச்சேன். சுத்தமான டிசைன், ஒரு எழுத்துப்பிழை கூட இல்ல, டாட் ஆர்க் (.org) அட்ரஸ், அது பக்கத்துல பூட்டு படம் இருந்துச்சு, டாக்டர் போட்டோ இருந்துச்சு, கீழ 14 ஆராய்ச்சிக் கட்டுரைங்க பேர் இருந்துச்சு. வேற ரெண்டு குரூப்லயும் இதே விஷயத்தப் பாத்த ஞாபகம். அப்புறம்தான் ஃபேமிலி குரூப்ல போட்டேன். மாப்பிள்ளை ரெண்டே நிமிஷத்துல "மாமா, இது டுபாக்கூர்"னு போட்டுட்டார். அதுக்குள்ள என் தங்கச்சி ஆர்டர் பண்ணிட்டா. முப்பது வருஷம் பசங்கள "ஆதாரம் என்ன"ன்னு கேக்கச் சொல்லி வளத்தவன் நான். எங்க தப்பு பண்ணேன்? இனிமே நெட்ல எதையுமே நம்பக்கூடாதா? குரூப்ல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது?

பதில்: சார், உங்க லெட்டர்ல முதல்ல என் கண்ணுல பட்டது "நாலு தடவ படிச்சேன்"ங்கற வரிதான். எங்க தப்புன்னு கேட்டீங்கல்ல, அங்கதான். கோவப்படாதீங்க, விளக்கமா சொல்றேன்.

வீட்ட வாடகைக்கு விடறப்போ வர்ற ஆள் எப்படின்னு அவர்கிட்டயே நாலு தடவ கேட்டா முடிவு பண்ணுவோம்? நல்லா டிரஸ் பண்ணிட்டு வருவார், மரியாதையா பேசுவார், எத்தன தடவ கேட்டாலும் ஒன்னாந்தேதி வாடகை கைல இருக்கும்னுதான் சொல்வார். முன்னாடி குடியிருந்த வீட்டு ஓனருக்கு ஒரு போன் போட்டா கத வெளிய வந்துடும். நீங்க வந்த ஆள்கிட்டயே நாலு தடவ பேசினீங்க, மாப்பிள்ளை பழைய ஓனருக்கு போன் போட்டார். இதுல புத்திசாலித்தனம் எல்லாம் ஒன்னும் இல்ல சார், அவர் பாத்த எடம் வேற.

நான் ஒரு பத்திரிகைல ஒன்பது வருஷமா ஃபேக்ட் செக் வேலை பாக்கறேன். நீங்க அனுப்பின லிங்க்க எடுத்து மாப்பிள்ளை என்ன பண்ணியிருப்பாரோ அத நானும் பண்ணிப் பாத்தேன். சைட்ட ஒரு வரி கூடப் படிக்கல. இன்னொரு டேப் திறந்து அந்த நிறுவனத்தோட பேர மட்டும் டைப் பண்ணேன். ரிசல்ட் வந்ததும் முதல்ல இருக்கறத டபக்னு கிளிக் பண்ணிடக்கூடாது, கைய கட்டிக்கிட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் யார் யார் இவங்களப் பத்திப் பேசறாங்கன்னு மட்டும் பாக்கணும் (எங்க ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கு கத்துக்குடுக்கறதுலயே கஷ்டமான விஷயம் இதுதான், கை அரிக்கும்). மேல நாலு ரிசல்ட்டும் அவங்களே அவங்களப் பத்தி எழுதிக்கிட்டது. அஞ்சாவது, பணம் கட்டியும் சரக்கு வரலன்னு ஒருத்தர் புலம்பல். ஒரு ஆஸ்பத்திரி, ஒரு யுனிவர்சிட்டி, ஒரு செய்தி நிறுவனம் கூட இப்படி ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கறதா பேசவே இல்ல. குருத்தெலும்ப 21 நாள்ல வளர வெச்சவங்களப் பத்தி உலகமே வாய மூடிக்கிட்டு இருக்குமா சார்? குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, அதனாலதான் அது தேஞ்சா தானா சரியாகறது அவ்வளவு கஷ்டம், இது என்ன விட உங்களுக்கு நல்லாத் தெரியும்.

மாப்பிள்ளை இதோட நிறுத்தியிருப்பார், அதுவே போதும். எனக்கு தொழில் புத்தி விடல. அந்த சைட் "25 வருட அனுபவம்"னு போட்டிருக்கு, டொமைன், அதாவது அந்த வெப்சைட் அட்ரஸ், எப்ப பதிவாச்சுன்னு பாத்தா ஏழு மாசம்தான் ஆகுது. டாக்டர் போட்டோவ ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல (ஒரு போட்டோ நெட்ல வேற எங்கல்லாம் இருக்குன்னு தேடிக் காட்டறது) போட்டேன், அதே மனுஷன் ஒரு பல் கிளினிக் விளம்பரத்துல வேற பேர்ல சிரிக்கறார், ஒரு இன்சூரன்ஸ் விளம்பரத்துல பேரே இல்லாம சிரிக்கறார், காசு குடுத்து வாங்கற ஸ்டாக் போட்டோ. அந்த 14 கட்டுரைல மூணு திறந்து பாத்தேன். ஒன்னு எலிய வெச்சு பண்ணது. ஒன்னு மூட்டப் பத்தினதுதான், ஆனா இந்த மருந்தப் பத்தி ஒரு வார்த்த இல்ல. இன்னொரு தலைப்புல கட்டுரையே கிடைக்கல. மீதி பதினொன்னயும் பாக்க எனக்குப் பொறுமை இல்ல.

படிச்சவரான உங்களுக்கே ஏன் இப்படி ஆச்சுன்னு ரொம்ப வருத்தப்படறீங்க. உங்களுக்கு நல்ல துணை இருக்கு. ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில சாம் வைன்பர்க், சாரா மெக்ரூன்னு ரெண்டு பேர் 2017-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மொத்தம் 45 பேர், அதுல 10 பேர் பிஎச்டி முடிச்ச வரலாற்று அறிஞருங்க, 10 பேர் என்ன மாதிரி ஃபேக்ட் செக்கருங்க, 25 பேர் அங்க படிக்கிற ஸ்டூடண்ட்ஸ். பசங்க ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணி கொடுமப்படுத்தறதப் பத்தி ரெண்டு சைட்ல இருக்கற கட்டுரையக் காட்டி எது நம்பகம்னு கேட்டாங்க. ஒன்னு அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், 1930-லேர்ந்து இருக்கற பெரிய குழந்தை மருத்துவர் அமைப்பு, 60 ஆயிரம் பேருக்கு மேல உறுப்பினருங்க. இன்னொன்னு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷன்ஸ், 2002-ல கொள்கைச் சண்டைல பிரிஞ்சு வந்த சின்ன கோஷ்டி. பேர மட்டும் கேட்டா எது அசல்னு நான் கூட தடுமாறுவேன்.

ஃபேக்ட் செக்கருங்க பத்து பேரும் அகாடமியச் சொன்னாங்க. ஸ்டூடண்ட்ஸ்ல நிறைய பேர் அந்த சின்ன கோஷ்டிதான் நம்பகம்னாங்க. வரலாற்று அறிஞருங்க, வாழ்க்கை முழுக்க ஆவணத்த சந்தேகப்பட்டே சம்பாதிக்கறவங்க, அவங்கள்ல பல பேர் ரெண்டுமே நம்பகம்தான்னு குழம்பிட்டாங்க. ஏன்னா அவங்க நீங்க பண்ண மாதிரியேதான் பண்ணாங்க சார். பக்கத்த மேலேர்ந்து கீழ கவனமா படிச்சாங்க, அடிக்குறிப்பு இருக்கா, நடை கண்ணியமா இருக்கான்னு பாத்தாங்க. ஃபேக்ட் செக்கருங்க கொஞ்ச நேரத்துலயே பக்கத்த விட்டு வெளிய ஓடிட்டாங்க, புது டேப் திறந்து இவங்க யாருன்னு விசாரிச்சாங்க. இதுக்கு பக்கவாட்டு வாசிப்புன்னு பேர் வெச்சாங்க. முப்பது வருஷமா வகுப்புல நீங்க கத்துக்குடுத்த "கூர்ந்து படி"ங்கறது பாடப்புத்தகத்துக்கு சரி, ஏன்னா அந்தப் புத்தகம் உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பத்து பேர் சரிபாத்துட்டாங்க. நெட்ல அந்தப் பத்து பேர் கிடையாது.

இப்ப நீங்க சொன்ன அடையாளங்களுக்கு வருவோம். சுத்தமான டிசைன்னு முதல்லயே எழுதியிருக்கீங்க. பி.ஜே. ஃபாக்னு ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர் ஒருத்தர், அவர் குழு 2002-ல 2,684 பேர்கிட்ட 100 சைட்டுகளக் காட்டி எது நம்பகம், ஏன்னு கேட்டாங்க. வந்த கருத்துகள்ல 46.1 சதவீதத்துல பேசினது சைட்டோட தோற்றத்தப் பத்தி! எழுதினது யாரு, தகவல் சரியா, இதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். சிரிப்பா இருக்கும், ஆனா அந்தக் காலத்துல அதுல கொஞ்சம் நியாயமும் இருந்துச்சு, நல்லா ஒரு சைட் கட்டணும்னா ஆளும் காசும் வேணும், நாளைக்கு ஓடிப்போறவன் அவ்வளவு செலவு பண்ண மாட்டான். இப்ப ரெடிமேட் டெம்ப்ளேட் எடுத்தா ஒரு மதியத்துல முடிஞ்சுடும்.

எழுத்துப்பிழையும் அதே கததான். முன்னாடி எங்க வேலைல பாதிய பிழைங்களே பண்ணிக் குடுக்கும், மோசடி மெயில்னா ரெண்டு வரில தெரிஞ்சுடும். இப்ப ஏஐ கிட்ட கேட்டா கமா கூட தப்பாம எழுதித் தருது, உண்மைய சொல்லணும்னா இப்பல்லாம் எழுத்துப்பிழை இருந்தா யாரோ மனுஷன்தான் எழுதியிருக்கான்னு எனக்கு ஒரு நிம்மதி.

பூட்டு படம் சொன்னீங்க. அது உங்க போனுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவுல யாரும் ஒட்டுக்கேக்க முடியாதுன்னு மட்டும்தான் சொல்லுது, அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவன் யோக்கியனா இல்லையான்னு அது சொல்லவே இல்ல. திருடன்கிட்டயும் ரகசியமா பேசலாம்ல. அந்தப் பூட்டு வர்றதுக்கு ஒரு சைட்டுக்கு வேணுங்கற சர்டிஃபிகேட் இப்ப இலவசமாவே கிடைக்குது. ஜனங்க அத "நம்பலாம்"னு தப்பா புரிஞ்சுக்கறாங்கன்னுதான் கூகுள் 2023 செப்டம்பர்ல குரோம்லேர்ந்து அந்தப் பூட்டையே எடுத்துட்டாங்க, நீங்க பாத்தது வேற பிரவுசரா இருக்கும். டாட் ஆர்க் 1985-லேர்ந்து இருக்கு, லாப நோக்கமில்லாத அமைப்புங்களுக்குன்னு நினைச்சு ஆரம்பிச்சது, ஆனா வாங்கறவர் அப்படிப்பட்ட அமைப்பான்னு சோதிக்கறது கிடையாது, நீங்களும் வாங்கலாம் நானும் வாங்கலாம். ட்விட்டர் நீல டிக் கூட இப்படித்தான், முன்னாடி ஆள சரிபாத்து குடுத்தாங்க, 2022 கடைசிலேர்ந்து மாசச் சந்தா கட்டினா கிடைக்குது.

என்னோட கணக்கு ரொம்ப சிம்பிள் சார், ஒரு அடையாளத்தப் பாத்ததும் இத போலியா செய்ய எவ்வளவு செலவாகும்னு கேப்பேன். பக்கத்துக்குள்ள இருக்கற எல்லாத்தையும் பக்கத்தோட ஓனரே செஞ்சுக்கலாம், அதனால அதெல்லாம் மலிவு. வேற பத்து எடத்துல வேற வேற ஆளுங்க பல வருஷமா அவரப் பத்திப் பேசியிருக்காங்கன்னா அத ஒரு ராத்திரில செய்ய முடியாது.

டாக்டர் போட்டோ விஷயம் இன்னும் வேடிக்க. எரின் நியூமன்னு ஒரு உளவியலாளர், அவங்க குழு 2012-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பிரபலமான ஒருத்தர் பேரக் காட்டி "இவர் உயிரோட இருக்கார்"னு சொல்றது உண்மையா பொய்யான்னு டக்குனு சொல்லச் சொன்னாங்க. கூடவே அவர் போட்டோவையும் வெச்சா உண்மைன்னு சொல்றது அதிகமாச்சு. சரி, போட்டோல கண்ணு, மூக்கு எல்லாம் இருக்கு, உயிரோட இருக்கற மாதிரி தோணியிருக்கும்னு விட்டுடலாம். ஆனா அதே போட்டோவ "இவர் செத்துட்டார்"ங்கற வாக்கியத்துக்குப் பக்கத்துல வெச்சப்போ அதையும் உண்மைன்னு சொல்றது அதிகமாச்சு! போட்டோ எதையும் நிரூபிக்கல, கற்பனை பண்றத சுலபமாக்கிச்சு, மனசு அந்த சுலபத்த உண்மைன்னு எடுத்துக்கிச்சு. வெள்ளக் கோட்டும் கழுத்துல ஸ்டெதாஸ்கோப்பும் அங்க அதத்தான் பண்ணுது.

"வேற ரெண்டு குரூப்லயும் பாத்த ஞாபகம்"னு போறபோக்குல எழுதியிருக்கீங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது. திரும்பத் திரும்பக் கேட்டது உண்மை மாதிரி தோணும்ங்கறத 1977-லயே ஹேஷர், கோல்ட்ஸ்டீன், டாப்பினோன்னு மூணு பேர் காட்டிட்டாங்க. தெரியாத விஷயத்துலதான அப்படி ஆகும், தெரிஞ்சவங்கள அது ஒன்னும் பண்ணாதுன்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தாங்க. 2015-ல லிசா ஃபேஸியோன்னு ஒரு உளவியலாளர் குழு அதையும் சோதிச்சாங்க. அவங்க குடுத்த பொய்ல ஒன்னு என்ன தெரியுமா, "புடவைங்கறது ஸ்காட்லாந்துக்காரங்க கட்டற மடிப்பு வெச்ச குட்டப் பாவாடை." நமக்கு சிரிப்பு வருது. சரியான பதில் தெரிஞ்சவங்க கூட, இந்த மாதிரி பொய்கள முன்னாடி ஒரு தடவ பாத்திருந்தா கொஞ்சம் கூடுதலா நம்பினாங்க. அதனால "சயின்ஸ் டீச்சர் நான் எப்படி"ன்னு கேக்கறத விட்டுடுங்க. அறிவு இருக்கறது வேற, அந்த நேரத்துல அது எழுந்து வந்து நிக்கறது வேற. மூணு குரூப்ல பாத்தீங்கன்னா மூணு சாட்சின்னு அர்த்தம் இல்ல சார், ஒரே ஆள் மூணு வாசல்ல வந்து நின்னிருக்கான். லைக் எண்ணிக்கைய நான் பாக்கறதே இல்ல. 2013-ல ஒரு ஆய்வுல, ஒரு சைட்ல ஜனங்க எழுதின கருத்துகளுக்கு ஆய்வாளருங்களே பொய்யா ஒரே ஒரு ஆதரவு ஓட்டு போட்டு வெச்சதுக்கு அதோட கடைசி மதிப்பெண் சராசரியா 25 சதவீதம் ஏறிடுச்சு.

எல்லாத்துக்கும் மேல ஹெட்மாஸ்டர். அனுப்பினவர் யாருன்னு பாத்துத்தான் பாதிப் பேர் நம்பறாங்க, எழுதினது யாருன்னு கேக்கறது அதுக்கு அப்புறம்தான், நானும் அப்படித்தான். 2017-ல அமெரிக்கால பண்ண ஒரு ஆய்வுலயும் இதேதான் வந்துச்சு, நம்பற ஆள் ஷேர் பண்ணா ஊர் பேர் தெரியாத சைட்ல வந்தது கூட எடுபடுது. ஹெட்மாஸ்டர் பொய் சொல்ல மாட்டார், சரி. ஆனா அவர் சோதிச்சாரான்னு கேட்டீங்களா? அவருக்கும் அவர் மதிக்கற ஒருத்தர் அனுப்பியிருப்பார். இப்ப உங்க தங்கச்சி ஏன் ஒரு கேள்வி கூடக் கேக்காம ஆர்டர் பண்ணாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, அண்ணன் சயின்ஸ் வாத்தியார், சும்மா அனுப்ப மாட்டார். அவங்களுக்கு ஹெட்மாஸ்டர் நீங்கதான்.

எதையுமே நம்பக்கூடாதான்னு கேட்டீங்க. அய்யோ வேண்டாம். "நெட்ல எல்லாமே பொய்"னு சொல்றவங்களப் பாத்தா எனக்கு ஃபார்வர்ட் பண்றவங்கள விட எரிச்சலா வரும், ஏன்னா அவங்களும் சோதிக்கறது இல்ல, சோம்பேறித்தனத்துக்கு சந்தேகம்னு பேர் வெச்சிருக்காங்க. நானே ஒரு தடவ இப்படி வழுக்கி விழுந்திருக்கேன். வேலைக்கு சேந்த புதுசுல ஒரு பக்கம் வந்துச்சு, சாம்பல் கலர் பின்னணி, கண்ட கலர்ல எழுத்து, இருபது வருஷமா யாரும் தொடாத மாதிரி ஒரு கோலம். பாத்ததுமே குப்பைன்னு ஒதுக்கி வெச்சுட்டேன். எங்க எடிட்டர் மத்தியானம் வந்து "இவர் யாருன்னு தேடினியா"ன்னு கேட்டார். தேடினா, அந்தத் துறைல பாதிப் பேருக்கு பாடம் எடுத்த பேராசிரியர், தன் கையால ஒரு பக்கம் செஞ்சு வெச்சிருக்கார், சொன்னது அத்தனையும் சரி. அழகான பொய்ய நம்பினதும் அசிங்கமான உண்மைய தூக்கிப் போட்டதும் ஒரே தப்புதான். ரெண்டு பேரும் சட்டையப் பாத்துத்தான் முடிவு பண்ணியிருக்கோம்.

எல்லாத்தையும் சோதிக்கவும் முடியாது, தேவையும் இல்ல. யாரோ பூனை வீடியோ அனுப்பினா சிரிச்சுட்டுப் போங்க. உடம்பு, பணம், இன்னொருத்தரோட மானம், இந்த மூணுல ஒன்னத் தொடற விஷயம்னா மட்டும் ஃபார்வர்ட் பட்டனுக்குப் போற விரல ரெண்டு நிமிஷம் நிறுத்தி வெளிய ஒரு டேப் திறங்க. உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச, நிஜமான ஒரு பெரிய ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி இதப் பத்தி என்ன சொல்லியிருக்குன்னு பாருங்க. ஒன்னுமே கிடைக்கலன்னா அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொரு விஷயம், மாப்பிள்ளை டுபாக்கூர்னு சொல்லிட்டார், விஷயம் முடிஞ்சதுன்னு விட்டுடாதீங்க. 1951-ல ஹாவ்லேண்ட், வைஸ்னு ரெண்டு பேர் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் சாத்தியமான்னு ஒரே கட்டுரைய, சில பேர்கிட்ட விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் எழுதினதுன்னும் சில பேர்கிட்ட சோவியத் பத்திரிகை பிராவ்தால வந்ததுன்னும் சொல்லிக் குடுத்தாங்க (அப்ப அப்படி ஒரு கப்பல் ஓடவே ஆரம்பிக்கல). அமெரிக்கக்காரங்கல்ல, படிச்ச உடனே ஓப்பன்ஹைமர் பேர் போட்டத நிறைய நம்பினாங்க, பிராவ்தான்னு போட்டத சந்தேகப்பட்டாங்க. இந்த மாதிரி வேற தலைப்புலயும் பண்ணி, நாலு வாரம் கழிச்சு திரும்பக் கேட்டா அந்த வித்தியாசம் காணாமப் போச்சு. சொன்னது மனசுல தங்கிடுச்சு, சொன்னது யாருங்கறது கழண்டுபோச்சு. உங்க குரூப்லயும் அடுத்த மாசம் யாராவது "மூட்டு வளர ஏதோ கேப்சூல் இருக்காம், எங்கயோ படிச்சேன்"னு ஆரம்பிப்பாங்க பாருங்க.

அதனால குரூப்ல நீங்களே எழுதணும். மூஞ்சி என்ன ஆகும்னு கவலப்படாதீங்க, தப்ப ஒத்துக்கற வாத்தியார பசங்க எப்பவும் கூடத்தான் நம்புவாங்க. அந்த லிங்க்க திரும்பப் போடாதீங்க, போட்டா இன்னொரு தடவ பரப்பின மாதிரி ஆயிடும். பொய்ய முதல்ல சொல்லி அப்புறம் மறுக்காதீங்க, சரியானதுலேர்ந்து ஆரம்பிங்க. இப்படி எழுதலாம்: "தேஞ்ச குருத்தெலும்ப திரும்ப வளர வைக்கிற கேப்சூல் எதுவும் இதுவரைக்கும் நிரூபணம் ஆகல. மூட்டு வலின்னா டாக்டரப் பாருங்க. நான் போன மாசம் அனுப்பினது தப்பு, அந்த நிறுவனத்தப் பத்தி வெளிய விசாரிக்காம போட்டுட்டேன். மாப்பிள்ளை சரியா சொன்னார்." கடைசி வரிய விட்டுடாதீங்க சார், அவருக்கு அது பெரிய விஷயமா இருக்கும். ஹெட்மாஸ்டருக்கு மட்டும் குரூப்ல வேண்டாம், தனியா போன் பண்ணி சொல்லுங்க.

தங்கச்சிக்கு இன்னைக்கே பேசுங்க. பார்சல் வந்துடுச்சுன்னா பிரிக்க வேண்டாம்னு சொல்லுங்க, பிரிச்சு சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்கன்னா நிறுத்திட்டு, அந்த டப்பாவையும் அவங்க ஏற்கனவே சாப்பிடற மாத்திரைங்களையும் எடுத்துட்டுப் போய் அவங்க டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க, உள்ள என்ன இருக்குன்னு லேபிள நம்ப முடியாது. கார்டுல பணம் கட்டியிருந்தா பேங்க்ல ஒரு புகார் குடுத்து வெக்கச் சொல்லுங்க. ஆர்டர் கன்ஃபர்மேஷன் மெயில அழிச்சிருந்தா ட்ராஷ்ல இருக்கலாம், முதல்ல அத எடுத்து வெக்கச் சொல்லுங்க.